தேய்ந்த ஆர்எக்ஸ் 100 இன்ஜின்: ரிங் மட்டுமா, ரீபோரா, ஸ்லீவா, புதுக் கிட்டா?

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்டது. இன்று சாலையில் ஓடும் கடைசி வண்டிக்குக்கூட வயது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது என்பதால், இவற்றுள் ஒரு முறையாவது இன்ஜின் பிரிக்கப்படாத வண்டியைக் காண்பது மிக அரிது. சிறிய பட்டறைக்கு இந்த வண்டி வரும்போது உரிமையாளர் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: கிக்கரில் பழைய எதிர்ப்பு இல்லை, மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது, புகை கூடிவிட்டது, சைலன்சருக்கு மேலாக இன்ஜினிலிருந்து ஒரு கிலுகிலுப்புச் சத்தம் கேட்கிறது. அவருக்கு முன் நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. பிஸ்டனைச் சுற்றியிருந்து காற்றழுத்தம் கசியாமல் அடைக்கும் ரிங்குகளை மட்டும் மாற்றலாம். பிஸ்டன் ஓடும் உருளையான பிளாக்கை ரீபோர் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து சற்றே அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போடலாம். பிளாக்கின் உள்ளிருக்கும் இரும்பு உறையான லைனரை எடுத்துவிட்டுப் புது உறை (ஸ்லீவ்) இறக்கி மீண்டும் பழைய அளவுக்கே வரலாம். அல்லது கடையில் கிடைக்கும் பிளாக் பிஸ்டன் கிட்டை வாங்கி மாட்டிவிடலாம். இவற்றோடு, பெரிய பிளாக் போட்டு வேகம் கூட்டலாம் என்ற ஐந்தாவது யோசனையும் யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடும். இவற்றுள் எதை எப்போது தேர்வது என்பதை விலையை வைத்து முடிவு செய்வதே வழக்கமாக இருக்கிறது. அளவெடுத்தலையும், உங்கள் ஊரில் உங்களுக்குக் கிடைக்கும் போரிங் கைவேலையையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான்கு வழிகளையும் ஒப்பிடும் முன் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: குறை உண்மையில் பிளாக்கில்தான் இருக்கிறதா? இது இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோல் கலவை முதலில் பிளாக்குக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்பட்டு, அங்கே அழுத்தப்பட்டு, அதன் பிறகே மேலே போகிறது. ஆகவே கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள் இந்த இன்ஜினில் எண்ணெய் கசியாமல் தடுப்பதற்காக மட்டும் இருப்பவையல்ல. மூச்சுவிடும் அறையின் சுவர்களே அவைதான். இடப்புறத்தில் மேக்னெட் பக்கச் சீல் இறுகிப்போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். வலப்புறத்தில் கிளட்ச் பக்கச் சீல் தேய்ந்தால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு அடர்த்தியான வெண்புகை வரும். கியர் ஆயில் அளவும் காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே போகும். இந்தப் புகையைப் பார்த்துவிட்டு, “போர் போய்விட்டது”, அதாவது பிளாக்கின் உட்சுவர் தேய்ந்துவிட்டது என்று பிளாக்கைக் கழற்றி லேத்துக்கு அனுப்புகிறவர்கள் ஏராளம். புதுப் பிஸ்டன் போட்ட பின்னும் புகை நிற்காது; சீல் மேக்னெட் பக்கத்தில் போயிருந்தால் புதுப் பிஸ்டனும் சில நூறு கிலோமீட்டரில் பிடித்துவிடும். இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் ரப்பர் அடைப்பால் மூடி, ஏறத்தாழ 6 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் கொடுத்து, சில நிமிடங்களுக்கு முள் நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது கைப்பம்பும் சிறிய மானியும் உள்ள எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய சோதனை. சோப்புநீர் தடவினால் கசியும் இடம் குமிழியாகத் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் பிளாக்கில் கைவைக்கும் பட்டறையிடம் வேறு எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை.

அடுத்தது தேய்மானத்தை அளப்பது. ஆர்எக்ஸ் 100 பிளாக்கின் உள்விட்டம் புதிதில் 50 மி.மீ.; ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ.தான். உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் இருந்தால் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், முன்பின்னாக ஒரு முறையும் பக்கவாட்டில் ஒரு முறையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். போர் கேஜ் இல்லாத பட்டறைக்கும் ஒரு வழி உண்டு. கார்பனைச் சுத்தம் செய்தபின், பிளாக்கின் மேல் விளிம்பில் ரிங் ஒருபோதும் தொடாத சில மி.மீ. உயரமுள்ள பகுதியில் ஒரு புது ரிங்கை நேராக இறக்கி, அதன் இருமுனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பிறகு அதே ரிங்கை, சுவரில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குச் சற்று மேலே தள்ளி மீண்டும் அளக்க வேண்டும். இரு அளவுகளின் வேறுபாட்டை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தில் ஏற்பட்ட தேய்மானம் கிடைக்கும். இடைவெளி 0.16 மி.மீ. கூடியிருந்தால் விட்டம் சுமார் 0.05 மி.மீ. தேய்ந்திருக்கிறது என்று பொருள். மேலும் கீழும் 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபடும் பிளாக்கை அப்படியே விடக்கூடாது என்பது இத்தகைய சிறிய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. இந்த எண்ணை உரிமையாளர் தம் கண்முன்னே பார்ப்பது நல்லது. விரல் நகத்தை உள்ளே தேய்த்துப் பார்த்து “போய்விட்டது” என்று சொல்வது அளவெடுத்தல் ஆகாது.

ரிங் மட்டும் மாற்றும் வழியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேய்மானம் அந்த எல்லைக்குள் இருந்து, பிஸ்டனின் ரிங் பள்ளங்கள் அகலாமல் இருந்து, சுவரில் கீறலும் இல்லாவிட்டால், லேசாக ஹோனிங் செய்து (தேய்ப்புக் கல்லால் சுவரைத் தேய்த்து) அதே அளவு ரிங் போடலாம். எல்லை தாண்டிய பிளாக்கில் புது ரிங் போடுவது வண்டியை விற்கப்போகிறவர் செய்யும் வேலை. வைத்து ஓட்டப்போகிறவர் செய்யும் வேலை அல்ல.

ரீபோர்தான் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியான விடை என்று நினைக்கிறேன். ஆனால் அதன் தரம் பட்டறைக்குப் பட்டறை மலைக்கும் மடுவுக்கும் வேறுபடுகிறது. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வழக்கமாக 0.25 மி.மீ. படிகளில், அதாவது 50.25, 50.50, 50.75, 51.00 என்று கிடைக்கின்றன. அப்படியானால் ஒரு பிளாக்குக்கு அதன் வாழ்நாளில் நான்கு ரீபோர்தான். இது எடுக்க எடுக்கத் தீரும் கையிருப்பு. ஆகவே தேய்மானம் முழுதும் மறைவதற்குத் தேவையான மிகச் சிறிய படியைத்தான் எடுக்க வேண்டும். 0.25இல் சுத்தமாகிவிடும் பிளாக்கை, கடையில் 0.50 பிஸ்டன்தான் இருந்தது என்பதற்காக 0.50க்குக் கொண்டுபோவது ஒரு முழு ரீபோரைக் குப்பையில் போடுவதாகும். பெரிய பிஸ்டன் போட்டால் இழுவை கூடும் என்ற நம்பிக்கையும் இங்கே தவறாக வழிநடத்துகிறது. 50 மி.மீ. விட்டத்தில் இன்ஜினின் கொள்ளளவு 98.2 சி.சி.; கடைசிப் படியான 51 மி.மீ.க்குப் போனாலும் 102.1 சி.சி.தான் ஆகிறது. நான்கு சதவீதக் கொள்ளளவு, ஓட்டுகிறவர் உணரும் அளவுக்கு எதையும் மாற்றிவிடாது.

ரீபோரில் வரிசை முக்கியம். முதலில் பிஸ்டனை வாங்க வேண்டும். பிறகுதான் பிளாக்கை அனுப்ப வேண்டும். ஒரே அளவு என்று பெட்டியில் அச்சிட்ட இரண்டு பிஸ்டன்களும் ஒரு மி.மீ.யின் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ வேறுபடலாம் என்பதால், போரிங் செய்பவர் கையில் அந்தப் பிஸ்டனே இருக்க வேண்டும். அவர் அதன் அடிப்பாவாடைப் பகுதியில், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அதனுடன் தேவையான இடைவெளியைக் கூட்டி இறுதி அளவைத் தீர்மானிப்பார். இந்த இடைவெளி இத்தகைய இன்ஜினில் 0.03 முதல் 0.04 மி.மீ. வரை என்ற அளவில் அமையும். பிஸ்டன் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இறுக்கமாக வைத்தால் சத்தம் இராது என்று குறைப்பவர்கள் உண்டு. மே மாத வெயிலில், இருவரை ஏற்றிக்கொண்டு, நெரிசலில் நின்று நின்று ஓடும் காற்றுக் குளிர்ப்பு இன்ஜினுக்கு அந்த இறுக்கம் ஆகாது.

போரிங் கருவி இறுதி அளவுக்குச் சற்று முன்பே நிற்க வேண்டும். மீதியை ஹோனிங் கல்தான் எடுக்க வேண்டும். ஹோனிங் விட்டுச்செல்லும் குறுக்கு வரிகளில்தான் எண்ணெய் தங்கி, ரிங்குகள் சுவரோடு பழகுகின்றன. லேத்தில் மட்டும் கடைந்து, எமரித் தாள் சுற்றிய குச்சியால் பளபளப்பாக்கித் தரும் பிளாக்கில் அந்த வரிகள் இருக்காது. கண்ணுக்கு அழகாக இருக்கும், காற்றழுத்தம் நிற்காது. அடுத்து போர்ட் விளிம்புகள். போரிங் முடிந்தவுடன் எக்ஸாஸ்ட் போர்ட்டின் ஓரங்களும், கிராங்க் கேஸிலிருந்து கலவை மேலேறி வரும் டிரான்ஸ்பர் போர்ட்டுகளின் ஓரங்களும் கத்தி முனையாக நிற்கும். நான்கு ஸ்ட்ரோக் பிளாக்குகளையே பார்த்துப் பழகிய லேத்துக்காரருக்கு இது தோன்றாது, ஏனென்றால் அங்கே சுவரில் துளையே கிடையாது. இங்கே ரிங் ஒவ்வொரு சுற்றிலும் துளைக்குள் சற்றே பிதுங்கி மீண்டும் சுவருக்குள் அமுங்குகிறது. ஓரத்தைக் கையால் சீவி உருட்டிவிடாவிட்டால் ரிங் சீக்கிரமே தேயும், அல்லது மாட்டி உடையும். பிளாக் திரும்பி வந்ததும் உள்ளே விரலை விட்டு ஒவ்வொரு போர்ட்டின் ஓரத்தையும் தடவிப் பாருங்கள்; விரலைக் கீறினால் வேலை இன்னும் முடியவில்லை. பொருத்தும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்டை நோக்கியும், ரிங் முனைகள் பள்ளத்திலுள்ள சிறு ஊசிகளின் இருபுறமும் இருக்க வேண்டும். பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப்புகள் கட்டாயம் புதியவையாக இருக்க வேண்டும்.

நான்கு படிகளும் தீர்ந்துபோன பிளாக்குக்கு, அல்லது பிடித்துப்போய் ஆழமாகக் கீறிய பிளாக்குக்கு ஸ்லீவ் ஒரு மறுபிறப்பு. இதில் பழைய இரும்பு லைனர் நீக்கப்பட்டு, அலுமினிய உடலைச் சூடாக்கிப் புது வார்ப்பிரும்பு ஸ்லீவ் இறக்கப்படுகிறது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும் என்பதே இந்த வேலையின் அடிப்படை. ஸ்லீவின் வெளிவிட்டம் 56 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அலுமினியத் துளை 150 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் சுமார் 0.19 மி.மீ. விரிகிறது, அந்த விரிவுக்குள்தான் ஸ்லீவ் தானாக வழுக்கி இறங்க வேண்டும், ஆறியபின் இறுகப் பிடிக்க வேண்டும். அதே விரிவு இன்ஜின் ஓடிச் சூடாகும்போதும் நிகழ்கிறது. குளிர்ந்த நிலையில் பிடிப்பு போதாமல் இருந்தால், ஓடும் சூட்டில் ஸ்லீவுக்கும் அலுமினியத்துக்கும் இடையில் மெல்லிய காற்றிடைவெளி விழுந்து, வெப்பம் பிளாக்கின் வெளிப்புறக் குளிர்ப்புத் தகடுகளான ஃபின்களுக்குப் போகாமல் உள்ளேயே நிற்கும். ஸ்லீவ் போட்ட வண்டி நீண்ட தூரம் ஓடினால் பிடிக்கிறது என்று சொல்லப்படும் குறைக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஸ்லீவ் என்ற முறையின் மேல் குற்றமில்லை.

இன்னொரு சிக்கல் போர்ட்டுகள். துளையில்லாத வெற்று ஸ்லீவை இறக்கிவிட்டு, பழைய வழித்தடங்களைப் பார்த்து உள்ளிருந்து துளை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினின் சிலிண்டரில், நான்கு ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல் திறந்து மூடும் வால்வு கிடையாது. போர்ட்டின் உயரம்தான் வால்வின் நேரம். 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு 1 மி.மீ. உயர்ந்தால், போர்ட் திறந்திருக்கும் காலம் கிராங்கின் சுழற்சியில் நான்கு முதல் ஐந்து டிகிரி வரை கூடிவிடும். அரை மி.மீ. பிசகு போதும், குறைந்த வேகத்தில் இருந்த இழுவை போய்விட. இடது வலது டிரான்ஸ்பர் போர்ட்டுகள் வெவ்வேறு உயரத்தில் அமைந்தால் கலவை ஒருபக்கமாகச் சாய்ந்து பாயும். ஆகவே, பழைய லைனரை நீக்கும் முன்பே ஒவ்வொரு போர்ட்டின் மேல் விளிம்பும் பிளாக்கின் மேல்தளத்திலிருந்து எத்தனை மி.மீ. கீழே இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளும் கைவேலைக்காரரிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர் எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் கோயம்புத்தூர் போன்ற லேத்தும் வார்ப்படமும் செழித்த ஊர்களில் தேடினால் கிடைப்பார். பிளாக்கைப் பார்சலில் அனுப்பி வாங்குவது சிரமமாகத் தோன்றினாலும் செய்யத்தக்கதே. ஸ்லீவ் நன்றாக அமைந்தால் வண்டி மீண்டும் 50 மி.மீ. அளவுக்குத் திரும்புகிறது, அதற்கு முன்னால் மறுபடி நான்கு ரீபோர் காத்திருக்கிறது. நான்கு வழிகளுள் தீர்ந்த கையிருப்பைத் திரும்ப நிரப்பும் ஒரே வழி இதுதான்.

பிளாக் கிட்டின் கவர்ச்சி வெளிப்படையானது. காலையில் வாங்கி மாலையில் வண்டியை ஓட்டலாம். லேத்துக்காரருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டால் பல விலைகளில் எடுத்து வைப்பார்கள். விலை வேறுபாடு எதில் இருக்கிறது என்பதைப் பெட்டியைப் பார்த்து அறிய முடியாது, பொருளைப் பார்த்தே அறிய முடியும். போர்ட்டுகளுக்குள் வார்ப்பு மணல் ஒட்டிக் கரடாக இருக்கிறதா, லைனரிலுள்ள துளையும் அலுமினியத்திலுள்ள வழியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, அடித்தளமும் மேல்தளமும் கண்ணாடி மேல் வைத்தால் ஆடாமல் உட்காருகின்றனவா, போர்ட் ஓரங்கள் உருட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிஸ்டனையும் பிளாக்கையும் அளந்து இடைவெளியைச் சரிபார்க்காமல் மாட்டக்கூடாது. கிட் என்றால் எல்லாம் பொருந்தியே வரும் என்பது நம்பிக்கைதான். நல்ல கிட் கிடைத்தால், நல்ல போரிங் கைவேலை இல்லாத ஊரில் அதுவே சிறந்த வழி என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மோசமான ரீபோரைவிட நன்கு அளந்து மாட்டிய கிட் மேல். ஆனால் பழைய பிளாக்கை, கடைக்காரர் ஏதோ ஒரு தொகை கழித்துத் தருகிறார் என்பதற்காகக் கொடுத்துவிடாதீர்கள். வண்டியோடு பிறந்த அந்த வார்ப்பு இனி உற்பத்தியாகப் போவதில்லை. எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால், பின்னொரு நாள் ஸ்லீவ் போட்டு மீட்டெடுக்கலாம்.

பெரிய பிளாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 132 சி.சி. கொண்ட ஆர்எக்ஸ் 135இன் பிளாக்கை 100இன் அடிப்பகுதியில் உட்கார வைக்கும் வேலை பரவலாக நடக்கிறது. பெரிய லைனரின் அடிப்பாகம் நுழைய 100இன் கிராங்க் கேஸ் வாயை அகலப்படுத்தியாக வேண்டும். மேலே சொன்ன நான்கு வழிகளும் பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடியவை. கிராங்க் கேஸை வெட்டுவது மாற்ற முடியாதது. இன்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பதும் அந்தக் கேஸில்தான். சட்டமும் இடம் தரவில்லை: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆர்எக்ஸ் 100 அனைத்தும் பதினைந்து ஆண்டுகளைக் கடந்தவை என்பதால், ஒவ்வொரு ஐந்தாண்டுக்கும் பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நிறுத்தியாக வேண்டும். போர்ட்டுகளை உயர்த்துவதும் ஏர் ஃபில்டரைக் கழற்றுவதும் மேல் வேகத்தில் சிறிது தந்து, அன்றாடம் ஓட்டும் வேகத்தில் அதைவிட அதிகம் பறித்துக்கொள்பவை. பந்தயத் தடத்துக்கென்றே ஒதுக்கிய இன்ஜினாக இருந்தால் அது வேறு கணக்கு. சாலை வண்டிக்குச் செய்யத்தக்க டியூனிங் என்பது தயாரிப்பாளர் வகுத்த நிலைக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவருவதுதான்: எக்ஸாஸ்ட் குழாயின் கார்பனை நீக்குவது, கலவை உள்ளே வரும் வழியிலுள்ள ரீட் வால்வின் இதழ்கள் முழுதாக மூடுகின்றனவா என்று பார்ப்பது, தேய்ந்த கார்புரேட்டர் ஸ்லைடையும் ஊசியையும் மாற்றுவது, இக்னிஷன் டைமிங்கை டயல் கேஜ் வைத்து அமைப்பது. இவ்வளவும் சரியாகச் செய்யப்பட்ட ஆர்எக்ஸ் 100 தன் 11 குதிரைத்திறனோடு ஓடுவதைப் பார்த்தவர்கள் பெரிய பிளாக்கைத் தேட மாட்டார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பிளாக் கழன்றிருக்கும்போது கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் சற்று இருப்பது இயல்பு. மேல்கீழ் ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் ராடு கிட் போட்டு, கிராங்கை அழுத்திச் சேர்த்து, இரு முனைகளுக்கிடையில் சுழற்றி டயல் கேஜில் 0.03 மி.மீ.க்குள் நேராக்கித் தருபவரிடம் கொடுக்க வேண்டும். அதோடு இரு பேரிங்குகளும் இரு ஆயில் சீல்களும் மாற்றப்பட வேண்டும். தளர்ந்த கிராங்கின் மேல் புதுப் பிஸ்டன் வைத்தால், பிளாக்குக்குச் செலவிட்டது முழுவதும் வீண்.

ஆக, தேய்மானம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் ஹோனிங்கும் ரிங்கும் போதும். அதற்கு மேல் போய், ஓவர்சைஸ் படி மீதமிருந்து, ஹோனிங் இயந்திரமும் இரண்டு ஸ்ட்ரோக் அனுபவமும் உள்ள கைவேலை அருகில் இருந்தால் ரீபோர். வண்டியைப் பத்தாண்டுகளுக்கு வைத்திருக்கப் போகிறவர், படிகள் தீர்ந்த பிளாக்கோடு நின்றால் ஸ்லீவ், அது வெளியூர் போய் வந்தாலும் சரி. அன்றாடப் பிழைப்புக்கு வண்டியை நம்பியிருப்பவருக்கு, காத்திருக்க நாளில்லை என்றால், அளந்து தேர்ந்த கிட்.

கடைசியாக ஒரு செய்தி, இது நான்கு வழிகளுக்கும் பொது. இப்போது பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், 1980களின் பெட்ரோலுக்கு அமைத்த கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையில்) கலவை சற்றுப் பெட்ரோல் குறைந்ததாகவே எரிகிறது. புதிதாகப் போரிங் செய்த இறுக்கமான இன்ஜினுக்கு அதுவே ஆபத்து. மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, ஓட்டிப் பார்த்து, ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் வெளுக்காமல் இளம்பழுப்பாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெயைத் தானாகவே இன்ஜினுக்குச் செலுத்தும் ஆட்டோலூப் பம்ப் வேலை செய்தாலும், முதல் சில டாங்குகளுக்குப் பெட்ரோலில் லிட்டருக்கு 10 முதல் 20 மி.லி. வரை 2டி (இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான) எண்ணெயைக் கூடுதலாகக் கலக்கலாம். பம்ப் கழற்றப்பட்ட வண்டியென்றால் 20 மி.லி.யில் நிறுத்தாமல், பழகும் காலம் முழுதும் 40 மி.லி. வரை போக வேண்டும். பழகும் காலத்தில் மெதுவாக ஓட்டினால் மட்டும் போதாது. ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்காமல், திராட்டிலை ஏற்றியும் இறக்கியும், நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டும் ஓட்ட வேண்டும். நீண்ட இறக்கத்தில் திராட்டிலை முழுதாக மூடிக்கொண்டு கியரில் உருள்வதையும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் பெட்ரோல் நின்றால் அதோடு கலந்து வரும் எண்ணெயும் பிஸ்டனுக்கு நின்றுபோகிறது.